நாற்காலியில் ஓடிய வண்டி

வலிப்பு வந்தது பெட்ரோல் பங்கில். நல்ல வேளையாக, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு டேங்க் மூடியைத் திறக்கக் குனிந்திருந்த நேரம். ஒரு சிக்னல் முன்னாடி வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது. சாம்பிள்காரர் தரையில் கை கால் இழுத்துக்கொண்டு கிடக்க, பங்கில் இருந்தவர்கள் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். வண்டிக்குப் பின்னால் பெட்டிக்குள் அவர் லேபுக்குக் கொண்டு போகும் ரத்த சாம்பிள் குழாய்கள் மட்டும் ஒன்றும் ஆகாமல் பத்திரமாக இருந்தன.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கடைசியாக வலிப்பு வந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வண்டியைத் தொடக் கூடாது, மறுபடி வரலாம், வராமலும் போகலாம், மாத்திரையை விடக் கூடாது என்று சொன்னார். சாம்பிள்காரர் நல்ல பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மனைவியிடம், "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு ஓட்டலாம்னு சொல்றார்" என்றார். அவள் அதே அறையில், அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அதே டாக்டர், அதே வார்த்தை. மனுஷன் காது எப்படித்தான் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்கிறதோ.

அவர் வேலை இதுதான்: ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்த ரத்தம், சிறுநீர் சாம்பிள்களைப் பொறுக்கிச் சேர்த்து, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் பெரிய லேபில் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கும். குழாயை ஐஸ் மேல் நேரடியாக வைத்தால் ரத்தம் கெட்டுவிடும், நடுவில் துணி போட வேண்டும். நிமிர்த்தி வைக்க வேண்டும், குலுங்கக் கூடாது, தாமதமாகக் கூடாது. இதெல்லாம் அவளுக்கும் அத்துப்படி. கல்யாணமான புதிதில் வண்டியில் பெட்டி மாட்ட வசதி இல்லாமல், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து போனவள் அவள்தான். அப்புறம் பெட்டி வந்த பிறகும் கூட்டமான நாட்களில் கூடப் போய், அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் இறங்கி ஓடி வாங்கி வருவாள். கிளினிக் நர்சுகளுக்கெல்லாம் அவள் பெயர் சாம்பிள்காரர் சம்சாரம்.

லேப் மேடம் நல்ல மாதிரி. ஆனால் லேபை நடத்துகிறவர். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வேறு ஆளை வைத்துச் சமாளிக்கிறேன், அதற்குள் உங்கள் பக்கத்திலிருந்து ஓட்ட ஆள் வந்தால் ரூட்டு உங்களுக்கு, இல்லையென்றால் அந்த ஆளுக்கே நிரந்தரம் என்று போனில் சொல்லிவிட்டார். சாம்பிள்காரர் போனை வைத்துவிட்டு, ரெண்டு வாரத்தில் நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்று தன்னையே கடிந்துகொண்டார்.

"நான் ஓட்டறேன்" என்றாள் அவள்.

சாம்பிள்காரர் சிரித்தார். கூடவே இருக்கும் அவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே என்றார். உண்மைதான். இந்த வயசில் எதற்கு விஷப்பரீட்சை என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் இந்த ரூட்டு கையை விட்டுப் போனால் தம்பி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான், யாருக்கும் தெரியாமல் எங்கேயாவது சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்பதும் அந்த அக்காவுக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும். அவளுக்குப் பயம் வேலை போவதைப் பற்றி அல்ல. அந்த ஆளை வண்டியிலிருந்து இறக்கி வைக்க வேண்டும், ஒரு வருஷம். அதற்கு ஒரே வழி, அந்த சீட்டில் வேறு ஒருத்தர் உட்கார்ந்திருப்பது.

செய்தி பரவியதும் அறிவுரை கொட்ட ஆரம்பித்தது. ஊரில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் அறிவுரைக்கு வராது. மேல் வீட்டுக்காரர், பழைய வண்டியாக வாங்கு, விழுந்தால் மனசு வலிக்காது என்றார். கீழ் வீட்டுக்காரர், புது வண்டியாக வாங்கு, பழையது உன்னைத் தள்ளிவிடும் என்றார். மெக்கானிக், வண்டியெல்லாம் இருக்கட்டும், பிரேக்கைப் பிடிக்காமல் ஓட்டப் பழகு, அதுதான் கெட்டிக்காரத்தனம் என்றார். அவர் கடையில் பாதி வேலை மோதி வந்த வண்டிதான், அவர் ஏன் சொல்ல மாட்டார். எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இருக்கிற வண்டியே போதும் என்று முடிவு செய்து, அவள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தம்பிக்குப் போன் போட்டாள்.

சாம்பிள்காரருக்கு அதில்தான் முதல் மனத்தாங்கல். ஏற்கெனவே அவர் பெயரில் பாலிசி இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு என்று எடுத்தது, அதுவே போதும் என்பது அவர் கட்சி. யாராவது கேட்டால் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிடேன் என்றார்.

"பின்னாடி பெட்டி நிறைய ரத்தத்தை வச்சுக்கிட்டா?" என்று கேட்டாள்.

இன்சூரன்ஸ் தம்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு சோபா நுனியில் உட்கார்ந்தார். வண்டியை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டார். சாம்பிள்காரர் தொண்டையைச் செருமினார். அவள் காதில் வாங்காமல், லேபுக்குச் சாம்பிள் கொண்டு போக, தினமும், சம்பளத்துக்கு என்று உள்ளதைச் சொன்னாள். அந்தத் தம்பி நிம்மதியாக மூச்சு விட்டார். வீட்டு உபயோகம் என்று எழுதிவிட்டு வேலைக்கு ஓட்டினால், மோதின அன்றைக்குத்தான் கம்பெனி முதல் தடவையாக உங்களைத் தேடி வரும், அதுவும் கொடுக்க முடியாது என்று சொல்ல என்றார். உங்களுக்கு அடிபட்டால் தனி, எதிரில் வந்தவருக்கு அடிபட்டால் தனி என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். அவள் புரியாததை மூன்று தடவை கேட்டாள். வெட்கப்படவில்லை.

கடைசியில் அவர் சாதாரணமாகக் கேட்டார். "வீட்ல வேற யாராவது இந்த வண்டிய ஓட்டுவாங்களாம்மா?"

சாம்பிள்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் காலி டம்ளர்களை எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றார்.

"இல்ல தம்பி. நான் மட்டும்தான்."

சாம்பிள்காரர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். கட்டிய புருஷனை, அவர் வீட்டிலேயே, அவர் வண்டியிலிருந்து ஒரே வார்த்தையில் இறக்கிவிட்ட பாவம் அது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. அன்றைக்கு முழுவதும் அவர் அவளோடு பேசவில்லை. சாப்பாடு போதுமா என்று கேட்டதற்குக்கூட அக்காவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

மறுநாள் பேச்சு வந்தது, உபதேசமாக. பயிற்சிப் பள்ளியெல்லாம் எதற்கு, நான் சொல்லித் தருகிறேன், இத்தனை வருஷம் என் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய், பாதி தானாகவே வந்திருக்கும் என்றார். போனால் போகிறது, அந்த மட்டிலாவது மனசு ஆறட்டும் என்று அவளும் சம்மதித்தாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலித் தெருவில் ஒரே ஒரு சாயங்காலம். கிளட்சை விடு என்றார், விட்டாள், வண்டி குதித்து நின்றது. மெதுவா விடுன்னு சொன்னேன் என்றார், சொல்லவே இல்லை. மறுபடி. அவர் சொல்கிறபோது அவர் கை காற்றில் அழகாகத் திருகியது. வாயில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அரை மணியில் கல்யாணத்தன்று நடந்த பழைய சண்டை வரைக்கும் போய்விட்டார்கள். வாத்தியாரும் மாணவியும் வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாள் காலை அவள் பள்ளியில் பெயர் கொடுத்தாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தார்த் தரை. சொல்லிக்கொடுப்பவர் குட்டையான, கனத்த குரல் கொண்ட ஒரு பெண்மணி. எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். வந்ததும் முதல் வேலையாக அவள் தலையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினார். அது புருஷனுடையது, தலை ஒரு பக்கம் பார்க்க ஹெல்மெட் இன்னொரு பக்கம் பார்த்தது. இது ஹெல்மெட் இல்லை, பாத்திரம் என்றார். காலில் செருப்பைப் பார்த்து இன்னும் ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத வேண்டாம். அவள் தன் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டும், கணுக்கால் மூடுகிற ஷூவும், கைக்கு உறையும் வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள்.

ஏறினாள் என்று சொல்வது எளிது. கிளட்சு பழகிவிட்டது, பிரேக்கும் பழகிவிட்டது. ஆனால் வண்டி நேராகப் போகவில்லை. எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கி, ஓரத்தில் வைத்த கூம்புகளைத் தள்ளிவிட்டு, ஒரு தடவை வேலியில் போய் நின்றது. கூடக் கற்றுக்கொண்டவர்களெல்லாம் அவளைவிடச் சின்னவர்கள். அவர்கள் வட்டம் போட்டார்கள், எட்டுப் போட்டார்கள். இவள் நேர்க்கோடு போட முடியாமல் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். வீட்டில் காயத்தை மறைத்தாள். நாத்தனார் கண்டுபிடித்து, ஒன்றும் கேட்காமல் மருந்து தடவிவிட்டார். நாளைக்குப் போகாதேன்னு சொன்னா கேட்கவா போறே என்று மட்டும் முணுமுணுத்தார்.

டீச்சருக்கு இது புதிராக இருந்தது. அந்த வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்தார், நேராகப் போயிற்று. வேறு வண்டி கொடுத்தார், அதுவும் இவள் கையில் இடது பக்கம் போயிற்று. கடைசியில் கூடவே ஓடி வந்து அவள் முகத்தைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னார்.

"எங்கம்மா பாக்கறீங்க?"

"முன்னாடிதான்."

"இல்ல. ஓரத்தப் பாக்கறீங்க. இத்தன நாளா யார் பின்னாடி உக்காந்தீங்க?"

சொன்னாள். வீட்டுக்காரர் நல்ல உயரம். பின்னால் உட்கார்ந்தால் எதிரே தெரிவது அவர் ஹெல்மெட்டின் பின்பக்கம்தான். அதனால் ஏறினதுமே தலை தானாக இடது பக்கம் சாய்ந்துகொள்ளும். எந்தக் கடை எப்போது திறக்கும், எந்த வீட்டு வாசலில் புதுசாகப் பெயின்ட் அடித்தார்கள் எல்லாம் சொல்வாள். எதிரே என்ன வருகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அது அவர் பொறுப்பு.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும் என்றார். இத்தனை வருஷம் நீங்கள் ரோட்டைப் பார்த்ததே இல்லை, ரோட்டோரத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் டீச்சர் தரையின் கோடியில் போய் நின்று, கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவார். எத்தனை விரல் என்று அவள் ஓட்டிக்கொண்டே கத்த வேண்டும். ரெண்டு, அஞ்சு, ஒண்ணு, நாலு என்று ஒரு வாரம் கத்தினாள். தொண்டை கட்டிப்போனது, வண்டி நேராகப் போனது. லைசென்ஸ் டெஸ்டில் இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அவள் வாசலுக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வண்டி சீட்டை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

ஓட்டத் தெரிந்துவிட்டது, வழி தெரிய வேண்டுமே. பின்னால் உட்கார்ந்து போனவளுக்கு இடது பக்கக் கடைகள் தெரியும், திருப்பங்கள் தெரியாது. ஹேண்டில்பாரில் போன் மாட்டுகிற பிடி ஒன்று வாங்கினாள். முதலில் வாங்கிய மலிவுப் பிடி, வேகத்தடையில் ஏறின உடனே போனை நடுரோட்டில் கொட்டியது. அடுத்தது நான்கு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. ஹெல்மெட்டுக்குள் ஒரு காதுப் பக்கம் மட்டும் சின்ன ஸ்பீக்கர், இன்னொரு காது ரோட்டுக்கு. கிளம்பும் முன்பே வழியைப் போட்டுவிட வேண்டும், ஓடும்போது விரல் போன் பக்கம் போகவே கூடாது என்பது டீச்சர் சட்டம்.

எல்லாம் சரிதான். ஆனால் போன் மேப்பில் வழி சொல்லும் அந்தப் பெண் குரலுக்குக் கிளினிக்கின் முன்வாசல்தான் தெரியும். சாம்பிள் கொடுக்கிறது பின்வாசலில், வேறு தெருவில். முதல் ஒத்திகை நாளில் அவளை ஒரு படிக்கட்டுச் சந்துக்குள் கொண்டுபோய் விட்டு, இடம் வந்துவிட்டது என்று சந்தோஷமாக அறிவித்தது. மேலே இருபது படி, உச்சியில் ஒரு பூட்டின கதவு.

"அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன்" என்றார் சாம்பிள்காரர். வலிப்புக்குப் பிறகு அவர் குரலில் உயிர் வந்தது அன்றைக்குத்தான்.

சரி, எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதவும் வரவில்லை, சொல்லவும் வரவில்லை. மூன்றாவது கிளினிக்கிலிருந்து நாலாவதுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அங்கேதான், இப்படிப் போய் இப்படி என்று கையைத்தான் ஆட்டினார். அவருக்கு வழியெல்லாம் மண்டையில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு, சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் கால்களை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்தார். முதுகுப் பலகையை ஹேண்டில்பார் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். கண்ணை மூடினார். கட்டை விரல் ஹாரனைத் தேடியது, இடது கால் கியரை மாற்றியது. "பேக்கரி தாண்டி ரைட். ஒரு பள்ளம் வரும், இடது ஓரமா விடு. கொசுவலைக் கடைகிட்ட லெஃப்ட்" என்று தண்ணீர் கொட்டுகிற மாதிரி வந்தது. நாத்தனார் கரண்டியோடு நின்று பார்த்தார். நல்லா ஓட்றே, பெட்ரோல் போட்டியா என்று கேட்டார்.

இப்படித்தான் அது வழக்கமானது. காலையில் அவள் கிளம்புவாள்; அவர் போனை மேஜையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவள் தெருவில் ஓட்டுவாள், அவர் சமையலறையில் ஓட்டுவார். சிக்னலில் நிற்கிறேன் என்று அவள் சொன்னால் அவரும் காலை ஊன்றி நிற்பார். ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: வழி மட்டும்தான் உங்களுடையது, கியர், பிரேக், ஹாரன் எல்லாம் என்னுடையது. முதல் நாளே அவர் இன்ஜின் சத்தத்தை வைத்து, "செகண்டுக்குப் போ, வண்டி அழுவுது பாரு" என்று கத்தினார். அவள் ஓரமாக நிறுத்தி, இணைப்பைத் துண்டித்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கூப்பிட்டாள். ரெண்டு மூன்று தடவை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வாயை அடக்கப் பழகினார். அடக்கி வைத்ததையெல்லாம் அவள் வீட்டுக்கு வந்த பிறகு கொட்டுவார்.

சொன்ன கெடு முடியும் முன்பே லேப் மேடம் அவள் கொண்டு வந்த பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றுகூடக் கெடவில்லை. ரூட்டு உங்களுக்குத்தான், ஆனால் தினமும் இதே மாதிரி இருக்க வேண்டும், ஒரு நாள் தவறினாலும் நான் யோசிப்பேன் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது நாத்தனார் அவள் கன்னத்தைத் தட்டினார். சாம்பிள்காரர், நல்லது, வழி சொன்னது யாரு என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆனால் அவள் ஓட்ட ஓட்ட அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கே வழி பழகிவிட்டது. அவர் சொல்லும் முன்பே இண்டிகேட்டர் போட்டுவிடுவாள், அந்த டிக் டிக் சத்தம் அவர் காதில் விழும். சொல்ல வந்த வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிடுவார். அதைக் கேட்டு அவளுக்கு மனசு வலித்தது. சில இடங்களில் தெரிந்தும் தெரியாத மாதிரி கேட்டாள். அவர் முட்டாள் இல்லை, அதுவும் அவருக்குப் புரிந்தது.

ஒரு காலை, அவள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது, "திங்கக்கிழமையிலேருந்து நான் எடுக்கறேன்" என்றார்.

அவள் நிமிரவில்லை. ஒரு வருஷம் என்று டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னாள். அவர் ஆயிரம் சொல்வார், அதற்கப்புறம் ஒரு தடவையாவது வந்ததா என்றார். இன்சூரன்சில் உங்கள் பெயரே இல்லை என்றாள். அதை இல்லாமல் செய்தது யார் என்றார். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

"என் கை காலுக்கு ஒண்ணும் ஆகல. நாற்காலியில உக்காந்துக்கிட்டே உன்னைவிட நல்லா ஓட்டறேன். திங்கக்கிழமை சாவி எங்கிட்ட வரணும்."

"வராது" என்றாள். ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை இழுத்துப் பூட்டினாள். "நீங்க தலைகீழா நின்னாலும் வராது."

கோபத்தில் அன்றைக்கு அவர் வழி சொல்ல மாட்டார் என்று நினைத்தாள். சொன்னார். விறைப்பாக, தெருப் பெயரை மட்டும், வேலைக்காரன் எஜமானியிடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அவளும் உம் கொட்டிக்கொண்டே எல்லாக் கிளினிக்கிலும் வாங்கினாள். கடைசிக் கிளினிக்கில் நர்ஸ் ஒரு சின்னக் குழாயைத் தனியாகக் கொடுத்து, குழந்தையோடது, அவசரம், டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார் என்றார். துணி சுற்றி நிமிர்த்தி வைத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தாள்.

அந்தப் பாலம் குறுகல். நடுவில் நிறுத்த முடியாது. பின்னால் லாரி, முன்னால் பஸ், இடது பக்கம் இடுப்பு உயரக் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே ஆறு. பாலத்தில் சொல்ல வழி ஒன்றும் கிடையாது, நேராகப் போக வேண்டியதுதான். அதனால் சாம்பிள்காரர் மறுபடியும் திங்கட்கிழமைப் பேச்சை எடுத்தார். நான் ஓட்டினா இந்நேரம் பாலத்துல பாதி வந்திருப்பேன், இதோ வந்துட்டேன், நீ எங்க இருக்கே என்றார். அப்புறம் ஒரு நொடி சும்மா இருந்தார்.

"லெஃப்ட்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. பாலத்தில் ஏது லெஃப்ட்.

"லெஃப்ட். லெஃப்ட். லெஃப்ட்."

குரல் அவருடையதுதான், ஆனால் அதில் ஆள் இல்லை. ஒரே வார்த்தை, ஒரே மாதிரி, நிற்காமல். இத்தனை வாரமாக அந்தக் குரல் சொன்னதும் செய்து செய்து பழகின கட்டை விரல் தானாக இண்டிகேட்டருக்குப் போயிற்று. தலை இடது பக்கம் திரும்பிவிட்டது. சுவரும், சுவருக்கு அப்பால் தண்ணீரும் தெரிந்தன. வண்டி அந்தப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

அவள் கழுத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பி, பாலத்தின் கோடியைப் பார்த்தாள். அங்கே ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தில் மூன்று விளக்கு. மூன்று என்று வாய்விட்டுச் சொன்னாள். காதுக்குள் லெஃப்ட் லெஃப்ட் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் பேச்சு நின்று ஒரு முனகல். அப்புறம் நாற்காலி தரையில் மோதிய சத்தம். கூடவே மேஜையோ என்னவோ அதிர்ந்தது. மூன்று, மூன்று என்று சொல்லிக்கொண்டே, அதே வேகத்தில், நேராக ஓட்டினாள். பாலம் முடிந்து, இடம் பார்த்து, ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்ட பிறகுதான் கத்தினாள்.

"அண்ணி. அண்ணி, சமையல்கட்டுக்குப் போங்க."

நாத்தனார் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். ஐயோ தம்பி என்ற சத்தம் காதைக் கிழித்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் எதையாவது வையுங்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், நிற்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ். நாத்தனார் அழுதுகொண்டே எல்லாம் செய்தார். கீழ் வீட்டுக்காரரும் மேலே ஓடி வந்திருந்தார். ஒரு யுகம் மாதிரி இருந்தது. பிறகு நாத்தனார் போனை எடுத்து, நின்னுடுச்சும்மா, மூச்சு சீரா வருது, தூங்குற மாதிரி கிடக்கான், கீழ் வீட்டுக்காரர் டாக்டருக்குப் போன் பண்றார் என்றார்.

"நீ வா. ஆனா பறந்து வராத. உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரப் பாப்பேன்?"

லேப் அடுத்த தெரு. அவள் பெட்டியைக் கொண்டுபோய் மேடம் முன்னால் வைத்து, குழந்தையின் குழாயைத் தனியே எடுத்துக் கையில் கொடுத்தாள். மேடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், யாரையாவது கூட அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றாள். திரும்பி வரும்போது காதில் யாரும் இல்லை. மேப்பும் போடவில்லை. பாலம், பேக்கரி, பள்ளம், கொசுவலைக் கடை எல்லாம் எதிர்ப்பக்கமாக வந்தன, அவள் எல்லாவற்றையும் முன்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு சிக்னலில் மட்டும் ஹெல்மெட்டுக்குள் அழுதாள். பச்சை விழுந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சமையலறைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நாக்கைக் கடித்திருந்தார், உதட்டோரம் ரத்தம். டாக்டர் சொன்னபடி இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். கண் திறந்திருந்தது, ஆனால் மேகமூட்டமாக இருந்தது. நாத்தனார் என்ன நடந்தது என்று சொன்னபோது, இல்லை, அசந்து தூங்கிட்டேன் என்று குழறினார். நாற்காலி பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது; யாரும் அதை நிமிர்த்தவில்லை.

அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரு பெரிய சண்டையைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இப்போதாவது புத்தி வந்ததா, திங்கட்கிழமை ஓட்டுகிறீர்களா என்றெல்லாம். அவர் முகத்தைப் பார்த்ததும், உதட்டோரத்தைத் துடைக்க ஒரு துணிதான் கேட்டாள்.

அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வழி யோசிக்கிற மாதிரி, யோசித்தார். இரண்டு கையும் வயிற்றின் மேல் லேசாகப் பிடித்தபடி இருந்தன.

"பாலத்து மேல வந்துட்டேன். அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. பக்கத்துல தண்ணி தெரிஞ்சுது." மூச்சு வாங்கினார். "நான் பாலத்தத் தாண்டினேனா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லைங்க" என்றாள் அவள். "நீங்க தாண்டல. நான் தாண்டிட்டேன்."

சாம்பிள்காரர் அவளைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தார், வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உறையோடு இருந்த அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமையைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.